மணல் எலி எந்த மூட்டையைத் தூக்கியது?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எனக்கு 47 வயது. திசையன்விளைப் பக்கம் அரிசி மண்டி வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் பல வருஷம் களக்காடு, ஏர்வாடி பக்கம் வாழைத்தார் லோடு ஏற்றும் வேலை பார்த்தேன். ஒரு வருஷமாக இடுப்பு வலி. குனிந்து நிமிர்ந்தால் பிடித்துக்கொள்கிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் இடுப்பின் நாலாவது, அஞ்சாவது எலும்புக்கு நடுவே இருக்கும் டிஸ்க் வறண்டு தேய்ந்துவிட்டது, கொஞ்சம் பிதுங்கியும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். 'எல்லாம் மூட்டை தூக்கினதால் வந்தது, இனி ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது' என்று பார்த்த டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் என்னைக் கட்டிலை விட்டு இறங்க விடுவதில்லை. பாளையங்கோட்டையில் விலங்கியல் படிக்கும் என் மகன், பாலைவனத்து எலி ஒன்றுக்கும் இதே தேய்மானம் வரும் என்று படித்ததாகச் சொல்கிறான். அந்த எலி எந்த மூட்டையைத் தூக்கியது? நம் செம்மணல் தேரிக்காட்டில் ஓடுகிற வெள்ளெலிக்கும் அது சொந்தமா? எனக்கு ஆறு வருஷமாகச் சர்க்கரை உண்டு. மூன்று மாதச் சராசரி (ஹெச்பிஏ1சி) 9.1. தினமும் ஒரு கட்டு பீடி. ஜவ்வு வளரும் என்று ஒரு பவுடர் விற்கிறார்கள், வாங்கலாமா?

பதில்: அண்ணாச்சி, உங்கள் மகன் படித்தது சரிதான். நீங்கள் கேட்ட கேள்வியை முதுகெலும்பு ஆராய்ச்சிக்காரர்களும் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மூட்டை தூக்காத, இரண்டு காலில் நிமிர்ந்து நிற்காத, நாற்காலியில் உட்காராத ஒரு பிராணிக்கு ஏன் டிஸ்க் தேய வேண்டும்? இதற்கு விடை தெரிந்தால் உங்கள் இடுப்பைப் பற்றிய பயத்தில் பாதி இறங்கிவிடும் என்பதால், எலியிலிருந்தே தொடங்குகிறேன்.

மகன் சொன்னது மணல் எலி. அறிவியல் பெயர் சாமோமிஸ் ஒபீசஸ். வட ஆப்பிரிக்காவிலும் அரபுப் பாலைவனங்களிலும் வளை தோண்டி வாழ்வது. மற்றப் பாலைவன எலிகள் பெரும்பாலும் ராத்திரியில் வெளியே வரும், இது பகலில் நடமாடும். அதன் சாப்பாடு உப்பு நிலத்துச் செடிகளின் சதைப்பற்றான இலை. தூத்துக்குடி உப்பளத்து ஓரங்களில் பார்க்கிறோமே உமரி, அதே குடும்பத்துச் செடிகள்தான் அவை. இலையில் தண்ணீர் நிறைய, உப்பும் ஏராளம், சத்து ரொம்பக் குறைவு. எலி அந்த இலையின் மேல்தோலைப் பல்லால் சுரண்டி உப்பைக் கழித்துவிட்டுத் தின்னும். மிச்ச உப்பை அதன் சிறுநீரகம் கெட்டியான மூத்திரமாக வெளியே தள்ளிவிடும். இந்தச் சாப்பாட்டில் அது வயிறு நிறையத் தின்றாலும் கொழுப்பதில்லை.

1960களில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், பாலைவன உயிர்கள் தண்ணீரை எப்படிச் சமாளிக்கின்றன என்று ஆராய்ந்த ஷ்மிட்-நீல்சன் குழுவினர் எகிப்திலிருந்து இந்த எலிகளைக் கொண்டுவந்தார்கள். ஆய்வுக்கூடத்து வெள்ளை எலிக்குப் போடும் சாதாரணத் தீவனத்தையே இதற்கும் போட்டார்கள். கொஞ்ச நாளில் எலிகள் பெருத்தன, சர்க்கரை நோய் வந்தது, கண்ணில் புரை விழுந்தது. பச்சைக் காய்கறி தின்றவை நன்றாக இருந்தன. 1964இல் அதை வெளியிட்டார்கள். தீவனத்தில் சர்க்கரையைக் கொட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆய்வுக்கூட எலி தின்று ஒழுங்காக இருக்கிற அதே உருண்டைதான். வறட்சிக்குப் பழகிய உடம்புக்கு நாம் சாதாரணம் என்று நினைக்கிற சாப்பாடே தாங்கவில்லை.

முதுகு விஷயம் அப்புறம்தான் வெளியே வந்தது. 1979இலும் 1983இலும் ஆராய்ச்சியாளர் ரூத் சில்பர்பெர்க்கும் அவரோடு வேலை பார்த்தவர்களும், ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த மணல் எலிகளின் முதுகெலும்பை நுண்ணோக்கியில் பார்த்து எழுதினார்கள். யாரும் ஊசி குத்தவில்லை, வெட்டவில்லை, பாரம் ஏற்றவில்லை. இளவயதிலேயே டிஸ்க் தானாகச் சிதைய ஆரம்பித்திருந்தது. எலும்பு ஓரங்களில் முள் மாதிரி வளர்ச்சியும் இருந்தது. அன்றிலிருந்து மணல் எலி டிஸ்க் ஆராய்ச்சிக்கு ஒரு முக்கியமான பிராணி. சாதாரண எலிக்கும் சுண்டெலிக்கும் டிஸ்க்கின் நடுவில் கருப்பருவத்திலிருந்தே வரும் ஒருவகை உயிரணுக்கள் நெடுநாள் தங்கிவிடும். அதனால் அவற்றின் டிஸ்க் லேசில் கெடுவதில்லை. மனிதனுக்கு அந்த உயிரணுக்கள் ஏறக்குறைய பத்து வயதுக்குள் மறைந்துவிடுகின்றன. நம் எல்லோருக்கும் தேய்மானத்தின் வாசல் அப்போதே திறந்துவிடுகிறது.

வெள்ளெலிக்கும் மணல் எலிக்கும் உறவு உண்டு என்று மகனிடம் சொல்லுங்கள். இரண்டுமே ஜெர்பில் என்கிற ஒரே கிளையைச் சேர்ந்தவை. ஆனால் வெள்ளெலி புல், தானியம், பூச்சி எல்லாம் தின்னும், உப்பு இலையை நம்பி வாழ்வதில்லை. அப்புறம், தேரிக்காட்டில் ஆந்தைக்கும் பாம்புக்கும் தப்பி முதுமை பார்க்கிற எலி எத்தனை? தேய்மானம் தெரிவதற்கு முதலில் வயதாக வேண்டும்.

இனி மூட்டைக்கு வருவோம். நாலு காலில் நடக்கிற பிராணியின் முதுகில் பாரம் இல்லை என்று நினைப்பது தப்பு. படுக்கை வாக்கில் இருக்கும் தண்டைத் தொய்யாமல் பிடிக்க, சுற்றியுள்ள தசையும் நாரும் எந்நேரமும் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. அந்த இழுப்பு எலும்புகளை ஒன்றோடொன்று அழுத்துகிறது, நடுவில் டிஸ்க் மாட்டிக்கொள்கிறது. ஆக, 'மனிதன் நிமிர்ந்து நின்றான், முதுகு வலி வந்தது' என்று மேடையில் சொல்கிற பேச்சு பாதிக் கதை. எலிக்கும் பாரம் உண்டு, நாய்க்கும் உண்டு. நாயில் பாருங்கள்: குட்டைக் காலும் நீள உடம்புமாக இருக்கிற டாஷண்ட் இனத்துக்குச் சின்ன வயதிலேயே டிஸ்க் பிதுங்கிக் காலே விழுந்துவிடுகிறது. ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் ஹான்சன் 1952லேயே இதை விவரமாக எழுதிவிட்டார். அந்த இனத்தின் காலைக் குட்டையாக்கும் மரபணுக் கோளாறே டிஸ்க்கையும் கெடுக்கிறது. ஒரு மூட்டைகூடத் தூக்காத வீட்டு நாய் அது.

மனிதரில் இதை நன்றாகச் சோதித்தவர்கள் பின்லாந்துக்காரர்கள். ஒரே கருவில் பிறந்த 115 ஜோடி இரட்டை ஆண்களை எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் கனமான வேலை பார்ப்பவர், கூடப்பிறந்தவர் லேசான வேலை பார்ப்பவர், இந்த மாதிரி வாழ்க்கை வேறுபட்ட ஜோடிகள். எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். 1995இல் வந்த முடிவு பலரையும் திகைக்க வைத்தது. உங்களுக்குத் தேய்ந்திருக்கும் அடியிடுப்பில், ஆளுக்கு ஆள் தேய்மானம் வேறுபடுவதில் உடல் பாரத்தின் பங்கு 2 சதவீதம்தான். வயதைச் சேர்த்தால் 11. பிறந்த குடும்பத்தையும் சேர்த்தால் 43. பாதிக்கு மேல் எந்தக் கணக்கிலும் வரவே இல்லை. எனவே வாழைத்தார் சுமந்ததற்காக இப்போது உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். உங்கள் அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இடுப்பு வலி உண்டா என்பது, எத்தனை லோடு ஏற்றினீர்கள் என்பதைவிட எனக்குப் பயன்படும். பாரத்துக்கும் வலிக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. தப்பாகத் தூக்கினால் இடுப்பு அன்றைக்கே பிடித்துக்கொள்ளும். அது வேறு, வருஷக்கணக்கான தேய்மானம் வேறு.

அப்படியானால் டிஸ்க் எதனால்தான் கெடுகிறது? பெரியவர்களுடைய டிஸ்க்கின் உள்ளே ரத்தக் குழாயே கிடையாது. மேலும் கீழும் இருக்கும் எலும்புத் தகட்டின் நுண்குழாய்களிலிருந்து சர்க்கரையும் பிராணவாயுவும் கசிந்து கசிந்து உள்ளே போக வேண்டும். நடுவில் இருக்கிற உயிரணுவுக்கு மிக அருகிலுள்ள ரத்தமே ஏழெட்டு மில்லிமீட்டர் தள்ளித்தான். இளவயது டிஸ்க்கின் நடுப்பகுதி இள நுங்கு மாதிரி, ஐந்தில் நாலு பங்குக்கு மேல் தண்ணீர். வயதாக ஆக நுங்கு முற்றிக் கெட்டிக் கடுக்காய் ஆகிற கதைதான். தண்ணீரைப் பிடித்து வைக்கும் பொருள் குறைந்து, நார் கூடிப்போகிறது. ஸ்கேனில் அது கறுப்பாகத் தெரியும். அதைத்தான் 'வறண்டு தேய்ந்தது' என்று எழுதுகிறார்கள். பகல் முழுதும் டிஸ்க்குகள் நசுங்கித் தண்ணீரை விடுகின்றன, ராத்திரி படுத்ததும் திரும்ப உறிஞ்சுகின்றன. அதனால்தான் நாம் எல்லோரும் சாயங்காலம் ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் வரை குட்டையாக இருக்கிறோம். இந்தப் போக்குவரத்து நடக்க வேண்டுமென்றால் பாரம் ஏறவும் வேண்டும், இறங்கவும் வேண்டும். நாள் பூராவும் கட்டிலில் கிடந்தால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும்.

இங்கேதான் உங்கள் 9.1 வருகிறது. 1992இல், சர்க்கரை வந்த இளம் மணல் எலிகளின் டிஸ்க்கைச் சோதித்தபோது, கிழட்டு எலியின் டிஸ்க்கைப் போல அவையும் தண்ணீர் பிடிக்கும் திறனை இழந்திருந்தன. காரணம் இரண்டு வழியில் யோசிக்கப்படுகிறது. ஏறிப்போன சர்க்கரை டிஸ்க்கின் நாரோடும் புரதத்தோடும் ஒட்டி அதை விறைப்பாக்குகிறது. இன்னொன்று, கண்ணிலும் சிறுநீரகத்திலும் நுண்குழாய்களைக் கெடுக்கிற சர்க்கரை, எலும்புத் தகட்டில் இருக்கிற நுண்குழாய்களை மட்டும் விட்டுவைக்குமா? ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். எலியின் டிஸ்க் மிகச் சிறியது, சத்து போக வேண்டிய தூரமும் கொஞ்சம்தான். அதனால் எலியில் பார்த்த எல்லாவற்றையும் அப்படியே உங்கள் இடுப்புக்குக் கொண்டுவர முடியாது. சர்க்கரை வராத மணல் எலிகளுக்கும் வயது ஏற ஏற டிஸ்க் கெட்டதும் உண்மை. மரபும் வயதும் முன்னே போகின்றன, சர்க்கரை பின்னால் நின்று தள்ளுகிறது என்பது என் கணிப்பு. முதல் இரண்டும் நம் கையில் இல்லை. மூன்றாவது இருக்கிறது. 9.1 என்பதை 7க்குப் பக்கத்தில் கொண்டுவருவதைத்தான் உங்கள் முதுகுக்கான முதல் வைத்தியமாக எழுதிக் கொடுப்பேன். அரிசி மண்டி வைத்திருப்பவரிடம் சோற்றைக் குறைக்கச் சொல்வது சங்கடம்தான், ஆனாலும் சொல்கிறேன். நம் பக்கத்தில் பலரும் 'கருப்பட்டிதானே' என்று காப்பியில் தாராளமாகப் போடுகிறார்கள். உடன்குடிக் கருப்பட்டியாக இருந்தாலும் சர்க்கரை சர்க்கரைதான்.

பீடியும் அதே குழாய்களைத்தான் சுருக்குகிறது. மேலே சொன்ன பின்லாந்துக் குழுவே 1991இல், ஒருவர் புகைப்பவர், மற்றவர் புகைக்காதவர் என்றிருந்த இரட்டையர்களை ஒப்பிட்டது. புகைத்தவர்களின் டிஸ்க் தேய்மான மதிப்பெண் சராசரியாக 18 சதவீதம் கூடுதல். உங்கள் வாழைத்தார்களுக்கு எதிராக நான் காட்ட முடிந்ததைவிட உங்கள் பீடிக்கட்டுக்கு எதிராகச் சாட்சி பலமாக இருக்கிறது. முக்கூடலும் மேலப்பாளையமும் பீடி சுற்றிப் பிழைக்கிற ஊர்கள் என்பது தெரிந்துதான் இதை எழுதுகிறேன்.

ஸ்கேன் காகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் அதைப் படித்துப் பயந்திருக்கிறீர்கள். 2015இல், முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளை, 33 ஆய்வுகளிலிருந்து திரட்டிப் பார்த்தார்கள். நாற்பது வயதுக்காரர்களில் 68 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது, 50 சதவீதம் பேருக்குப் பிதுக்கம் இருந்தது. ஐம்பது வயதில் தேய்மானம் 80 சதவீதம். மறுபடியும் சொல்கிறேன், இவர்கள் யாருக்கும் வலி இல்லை. உங்கள் மண்டிக்கு அரிசி வாங்க வருகிற, உங்கள் வயதுள்ள பத்துப் பேரை ஸ்கேன் எடுத்தால் ஆறேழு பேருக்கு இதே வரிகளைத்தான் எழுதியிருப்பார்கள். கெடாத டிஸ்க்கின் உள்பகுதியில் நரம்பே கிடையாது, வெளி ஓரத்தில்தான் உண்டு. வலி அந்த டிஸ்க்கிலிருந்து வரலாம், பின்பக்கச் சின்ன மூட்டுகளிலிருந்து வரலாம், தசையிலிருந்தும் வரலாம். உங்கள் கடிதத்தில் காலுக்கு இறங்குகிற வலியோ மரப்போ இல்லை. அது நல்ல சேதி. இப்போதைக்கு ஆபரேஷன் பேச்சே தேவையில்லை.

கட்டிலை விட்டு இறங்குங்கள், அண்ணாச்சி. வீட்டில் திட்டினால் இந்தப் பதிலைக் காட்டுங்கள். 1995இல் ஹெல்சிங்கியில் திடீர் இடுப்பு வலியோடு வந்த 186 பேரை மூன்றாகப் பிரித்து, சிலரை இரண்டு நாள் படுக்கச் சொன்னார்கள், சிலருக்கு உடற்பயிற்சி கொடுத்தார்கள், மற்றவர்களை முடிந்த அளவு வழக்கமான வேலையைப் பார்க்கச் சொன்னார்கள். சீக்கிரம் தேறியவர்கள் மூன்றாவது கூட்டம். அவர்கள் வலி புதிது, உங்களுடையது பழசு. உங்களைப் போன்றவருக்குப் படுக்கை இன்னும் கெடுதல், ஏனென்றால் சர்க்கரையும் கூடவே ஏறும், இடுப்புத் தசை கரையும்.

காலையில் வேகமாக நடங்கள். முதலில் பத்து நிமிஷம், போகப் போக அரைமணி. 2017இல் ஆஸ்திரேலியாவில் எடுத்த ஸ்கேன்களில், தொடர்ந்து ஓடுகிறவர்களின் டிஸ்க்கில் தண்ணீர் அதிகம் இருந்தது. வேக நடைக்கும் மெதுவான ஓட்டத்துக்கும் உரிய அசைவுதான் டிஸ்க்குக்கு இதமாக இருந்ததாகத் தெரிந்தது. தேரி மணலில் வேண்டாம், கால் புதையும், வலி இருக்கும்போது இடுப்பு ஒடியும். தார் ரோட்டிலோ கெட்டி மண்ணிலோ நடங்கள். ஒரு ஃபிசியோதெரபிஸ்டிடம் போய் வயிற்றுத் தசைக்கும் முதுகுத் தசைக்கும் பயிற்சி கற்றுக்கொள்ளுங்கள். வர்ம வைத்தியரிடம் எண்ணெய் தேய்த்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, இதமாக இருந்தால் செய்யுங்கள். முதுகை முறித்து 'டிஸ்க்கை உள்ளே தள்ளுகிறேன்' என்பவரிடம் மட்டும் போகாதீர்கள். இடுப்பு பெல்ட்டைக் கடைக்குப் போகிற இரண்டு மணி நேரம் போட்டால் பரவாயில்லை, நாள் முழுக்க வேண்டாம். குடம் தூக்கலாம். இருபத்தைந்து கிலோ சிப்பத்தை இப்போதைக்குப் பையன்கள் தூக்கட்டும். வலி குறைந்ததும் சிப்பத்தை நெஞ்சோடு அணைத்து, முட்டி மடக்கித் தூக்குங்கள். தூக்கிக்கொண்டே இடுப்பைத் திருப்பாதீர்கள்.

பவுடர் வாங்காதீர்கள். வறண்ட டிஸ்க்கைத் திரும்ப வளர்க்கிற மருந்து எதுவும் இன்றைக்கு இல்லை. நார்த் கரோலினாவில் ஆராய்ச்சியாளர்கள் மணல் எலியின் சொந்த டிஸ்க் உயிரணுக்களை வெளியில் வளர்த்துத் திரும்ப வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அது ஆராய்ச்சிக்கூடத்து வேலை, கடையில் டப்பாவில் வருகிற சமாச்சாரம் கிடையாது. இப்படிப்பட்ட பவுடர்களில் அடிக்கடி இருப்பது குளுக்கோசமைன். நார்வேயில் 250 பேருக்கு ஆறு மாதம் அதையும் மருந்தில்லாத வெறும் மாத்திரையையும் கொடுத்துப் பார்த்தார்கள், 2010இல் முடிவு வந்தது. இடுப்பு வலியில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்றே சொல்லாத பவுடரில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் வலி உடனே போய்விடும், சர்க்கரை எகிறிவிடும். அந்த 'உடனே'யைத்தான் நம்பக் கூடாது.

அதே காரணத்துக்காக, யாராவது முதுகில் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்றால், எனக்குச் சர்க்கரை உண்டு என்று முதலில் சொல்லுங்கள். ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறும், அதற்கு ஏற்பாடு வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் நேரே கேட்டு வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் போடுவதும் வேண்டாம். சர்க்கரைக்காரர்களுடைய சிறுநீரகத்துக்கு டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் பெரிய தொல்லை. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தச் சோதனையைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, இந்த வாரம் பார்த்துவிடுங்கள்.

ராத்திரி தூக்கத்தில் எழுப்புகிற வலி, சாயங்காலக் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, இவை இருந்தால் தேய்மானம் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். முதுகெலும்பில் டிபி நம் நாட்டில் இன்றும் உண்டு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்குச் சீழ் பிடிப்பதும் உண்டு. ரத்தப் பரிசோதனையோடு உடனே ஒரு டாக்டரைப் பாருங்கள். இதைவிட அவசரம் ஒன்று இருக்கிறது. சிறுநீர் முட்டியும் வராமல் போவது, மலம் தெரியாமல் போவது, சைக்கிள் சீட்டில் படுகிற இடம் மரத்துப்போவது, பாதம் தூக்க முடியாமல் செருப்பு நழுவுவது. பிதுங்கிய டிஸ்க் நரம்புக் கொத்தை நெரித்தால் இப்படி ஆகும். அப்போது காலை வரை பார்ப்போம் என்று இருக்க வேண்டாம். ராத்திரி இரண்டு மணி ஆனாலும் 108ஐக் கூப்பிட்டு பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள், ஸ்கேன் படத்தையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு.